நாற்பத்தோராவது ஆள்

இயந்திரம் இல்லாத காலத்தில் நினைவுச் சின்னங்களுக்கு அவ்வளவு பெரிய கற்களை எப்படி இழுத்து வந்தார்கள் என்று ஆராய்ச்சிக்காரர் செய்து காட்ட வேண்டுமாம். அருங்காட்சியக முற்றத்தில் மணலைக் கொட்டி, நாலு டன் கல்லை மரச்சட்டத்தில் ஏற்றிக் கட்டிவிட்டு, மூட்டை தூக்கும் எங்களில் நாற்பது பேரைக் கூப்பிட்டார்.

தம் கட்டி இழுத்தோம். சட்டத்துக்கு முன்னால் மணல்தான் மேடு கட்டியது, கல் இம்மியும் அசையவில்லை. பக்கத்தில் மதில் வேலைக்குக் கலவை போட்டுக்கொண்டிருந்த என் அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு வாளித் தண்ணீரோடு வந்தாள். சட்டத்துக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடியே குவளை குவளையாகத் தெளித்தாள். இரண்டடிக்கு ஒருமுறை மணலை அள்ளிப் பிடித்துப் பார்ப்பாள். உருண்டை உதிரவும் கூடாது, கையில் சேறாக ஒட்டவும் கூடாது. கல் நகர்ந்தது. முற்றத்தின் மறுகோடி வரைக்கும் போனது.

படம் எடுக்கும்போது அக்காவைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். மறுவாரம் பலகை வைத்தார்கள்: 'நாற்பது ஆண்கள் இழுத்தனர்.' அக்காவை ஏன் சேர்க்கவில்லை என்று நேரே போய்க் கேட்டேன்.

"தண்ணி ஊத்தறதெல்லாம் ஒரு வேலையாப்பா? அத யாரு வேணா செய்யலாம்," என்றார் ஆராய்ச்சிக்காரர்.

அக்கா விடுடா என்றாள். எப்படி விடுவது? அவள் மட்டும் வரவில்லை என்றால் அந்தக் கல் இன்னும் அங்கேயே குந்திக்கொண்டிருக்கும். அந்தக் காலத்திலும் இப்படித்தான் எத்தனை பேரைத் தள்ளி நிற்கச் சொன்னார்களோ.

கண்காட்சித் திறப்பு விழா அன்று நாங்கள் மறுபடியும் கல்லை இழுத்துக் காட்ட வேண்டும். விருந்தாளிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீருக்குக் காவலாளியை நிறுத்தியிருந்தார்கள், கையில் ரப்பர் குழாயோடு. அவர் தாராள மனசுக்காரர். பீய்ச்சி அடித்ததில் மணல் சேறாகி, சட்டம் ஒரு பக்கமாகப் புதைந்தது. இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது.

ஆராய்ச்சிக்காரர் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடி வந்தார். உங்க அக்காவைக் கொஞ்சம் வரச் சொல்லு என்றார். அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம்தான் நின்றாள், கையில் குவளையோடு.

நான் கயிற்றைக் கீழே வைத்தேன். மற்றவர்களும் வைத்தார்கள்.

"பலகையில நாப்பது பேருதானே சார் இருக்கோம்," என்றேன். "நாப்பது பேரும் வந்துட்டோம்."