கொல்லாம்பொற்றைக்கு விருந்து வந்த காற்று

ஆரல்வாய்மொழிக் காற்று கொல்லாம்பொற்றைக்கு முதன்முதலாக வந்தது டவுன் பஸ்ஸில், நாகர்கோவிலில் மாறி ஏறி. ஜன்னல்கள் அடைத்திருந்தும் பெண்களின் தலைமுடி பறந்ததால் கண்டக்டர் ஆளைக் கண்டுகொண்டு சீட் கொடுத்தார்.

அதற்கு முன், கொல்லாமரம் என்கிற முந்திரி அடர்ந்த அந்தப் பொற்றைக் குன்றில் காற்றே கிடையாது என்பதல்ல. கொடியில் போட்ட துணியை அசைக்கவே அது யோசிக்கும். அளந்து பார்த்த கம்பெனிக்காரர்கள், இங்கே காற்றாலை வைப்பது வீண் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஷைஜா கேட்கவில்லை. இஞ்சினியரிங் படித்தவள், பிடிவாதக்காரி. அண்ணன் மஸ்கட்டில். ஷைஜா காலையில் சுமந்த தண்ணீர் போதாமல், அண்ணன் மனைவியான மயினி அஜிதா ஏழு மாத வயிற்றோடு குன்றடியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்கு முன் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தாக வேண்டும். குளச்சலில் ஃபைபர் வள்ளம் செய்யும் டைட்டஸிடம் சொல்லி, மெல்லிய காற்றுக்கும் சுற்றும்படி நீளமான, எடை குறைந்த இறக்கைகள் செய்து, பம்போடு இணைத்து உச்சியில் நாட்டினாள். சுற்றவில்லை.

"ஏட்டி, காத்த நேர்ல போயி விளிச்சியா?" என்றாள் அஜிதா. "விளிக்காத வீட்டுக்கு யாரு வருவா?"

நியாயம்தானே. வாட்ஸ்அப்பில் கல்யாணம் சொன்னால் சித்தப்பனே வராத ஊர் இது. இருவரும் ஆரல்வாய்மொழிக்குப் போய், பெரிய காற்றாலைகளின் அடியில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். காற்று வெற்றிலையை எடுத்துக்கொண்டு கூடவே பஸ் ஏறியது. அதோடு விட்டிருக்கலாம். ஷைஜா பழக்கதோஷத்தில், "குடும்பத்தோட வந்திரணும்" என்றும் சொல்லித் தொலைத்திருந்தாள்.

மறுநாள் குடும்பம் முழுவதும் வந்து இறங்கியது. ஓடுகள் எழும்பின. ஆடு ஒன்றைத் தென்னையிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. இளங்காற்றுக்குச் செய்த இறக்கைகள் வில்லாக வளைந்தன.

"ஒடிஞ்சிரும், போவச் சொல்லுங்க!" என்று கத்தினான் டைட்டஸ்.

விருந்துக்கு வந்தவர்களைப் போகச் சொல்ல யாருக்கு நாக்கு வரும்? அஜிதா பதறவில்லை. இலை போட்டாள். பருப்பு, சாம்பார், புளிசேரி எல்லாம் முடிந்து, அடைப்பிரதமன் பாயசத்தில் பழமும் பப்படமும் பிசைந்து உள்ளே போனது. இரண்டாம் தடவை பிரதமன் விட்டபின் காற்று கொல்லாமரங்களுக்குக் கீழே சாய்ந்தது. உண்ட மயக்கத்தில் அது விட்ட மூச்சு அந்த இறக்கைகளுக்குக் கனகச்சிதமாக இருந்தது. குழாயில் தண்ணீர் கொட்டியது. மயினியும் நாத்தனாரும் கட்டிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதார்கள்.

சில சொந்தக்காரர்களைப் போல அந்தக் காற்றும் திரும்பிப் போகவில்லை. வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பிரதமன் காய்ச்சுகிறார்கள். ஐப்பசியில் அஜிதாவுக்குப் பெண் பிறந்தது. மத்தியானம் பிள்ளை சிணுங்கினால், "மெள்ள மக்கா, விருந்துக்காரங்க ஒறங்குதாவ" என்று அஜிதா அடுக்களையிலிருந்து எழுந்து வருவாள். அதற்குள் தொட்டில் ஆடிக்கொண்டிருக்கும்.