கோயில் வந்தால் எழும்பும் கை

அன்று கார் என்ன வேகத்தில் போனது என்று எனக்கு நிச்சயமில்லை. பாரிசவாதம் வந்த தலையின் ஞாபகத்தை நானே முழுதாக நம்புவதில்லை. நாற்பது என்கிறேன் நான். துணைக்கென்று பின்சீட்டில் ஏறிக்கொண்ட என் சிநேகிதன் ஹபீஸ் எழுபது என்கிறான். அவன் எதையும் கூட்டித்தான் சொல்வான்.

நோய்க்கு முன்பும் நான் அதிகம் கதைக்கிற ஆளில்லை. ஆனால் அதன் பிறகு, நான் சும்மா இருந்தாலே எல்லாரும் அனுதாபப்பட்டார்கள். சனிக்கிழமைகளில் கரம்போர்ட் விளையாட ஹபீஸ் என்னைக் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போவான். வீட்டுக்காரன் றேமண்ட் தேநீரோடு வந்து, "இவருக்குச் சீனி போடலாமோ?" என்று ஹபீஸிடம் கேட்பான். நான் பக்கத்திலேயே இருப்பேன். நானே கார் ஓட்டிப்போய் இறங்கினால் என்னிடம் கேட்பான் என்று தோன்றியது.

அதற்கு டாக்டரின் கடிதம் வேண்டும். கடிதத்துக்கு முதல், எனக்குக் கை கால் பயிற்சி தந்த நிரோஷா நான் ஓட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும். அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது.

"அங்கிள், ஒரே ஒரு விஷயம். இடது கைக்கு இன்னும் பலம் காணாது. வலது கையை ஸ்டியரிங்கில இருந்து எடுத்தா ஃபெயில்."

"ஓம்."

வெள்ளவத்தையில் பஸ்களுக்கு வழிவிட்டேன். ஓட்டோ ஒன்று குறுக்கே பாய்ந்தபோதும் கை அசையவில்லை. பம்பலப்பிட்டிக் கோயில் வந்தது. முப்பது வருடமாக அந்த இடத்தில் என் வலது கை தானாக எழும்பி நெஞ்சைத் தொடும். அன்றும் தொட்டது.

"யா அல்லாஹ்! கைய வை மச்சான்!"

"அங்கிள்!"

நிரோஷா பிரேக்கை மிதித்தாள். பின்னால் பஸ் அலறியது. குனிந்து பார்த்தேன். ஐந்து மாதமாகப் போத்தல் மூடியைக்கூடத் திறக்க மறுத்த என் இடது கை, ஸ்டியரிங்கைத் தனியாக இறுக்கிப் பிடித்திருந்தது. கார் தன் பாதையை விட்டு விலகவேயில்லை.

வலது கையைத் திரும்ப ஸ்டியரிங்கில் வைத்தேன்.

"இடது கை பாஸ்," என்றாள் நிரோஷா. "அங்கிள் ஃபெயில். அடுத்த மாசம் வாங்கோ."

"ஒன்ட சாமிக்குக் கண்ணால சொல்லு," என்றான் ஹபீஸ். "அவருக்கு வெளங்கும். பஸ்காரனுக்குத்தான் வெளங்காது."

அடுத்த மாதம் கண்ணால் சொன்னேன். கடிதம் கிடைத்தது.

நிரோஷா இப்போது கல்கிசையில் வேலை செய்கிறாள், அங்கேயும் ஃபெயிலாக்குகிறாளாம். ஹபீஸ் முன்சீட்டுக்கு வந்துவிட்டான். கோயில் வந்தால் என் வலது கையையே முறைத்துப் பார்க்கிறான். றேமண்ட் எத்தனை கரண்டி சீனி என்று என்னிடமே கேட்கிறான். இரண்டு என்கிறேன். ஒன்றுதான் போடுகிறான்.