இருநூற்று முப்பத்தைந்து மெகாவாட்

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு முத்திருளன் சவரக்காரர் முன்னால் உட்கார்ந்தபோது சாயங்காலம் மணி நாலேகால். கத்தி படுவதற்குள் தாய்மாமன் கருத்தக்கண்ணன் வந்து மறித்துவிட்டார்.

“பொறுப்பா. ஆத்தாளுக்குக் கொள்ளி வைக்கிறது எளையவன்ல. சின்னச்சாமி வந்துரட்டும்.”

“அஞ்சு மணிக்கு எடுக்கணும்னு நீங்கதான மாமா சொன்னீக? அவன் கல்பாக்கத்துல இருந்து வரணும். வந்து சேர்றதுக்குள்ள இருட்டிரும்.”

“அஞ்சு வரைக்கும் பாப்போம். வரலைன்னா நீ வையி.”

செம்போடு நின்ற சீனியம்மாள் புருஷனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் சோணையம்மாளின் மூச்சு நின்றது விடியற்காலை நாலு மணிக்கு. முத்திருளன் லைன்மேனாக இருக்கும் கரண்டு ஆபீஸ் உள்ளூர் ஆனையூரிலேயே, சைக்கிளில் ஐந்து நிமிடம். அங்கே ராத்திரியும் ஆள் உண்டு, தம்பிக்குச் சேதி சொல்லப் போன் உண்டு. அவன் எட்டு மணிக்குத்தான் போனான். அதுவரைக்கும் கொல்லையில் சும்மா உட்கார்ந்திருந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

எட்டு மணிக்குச் சேதி போனால் தம்பி பஸ் ஏறி வர சாயங்காலம் ஆறு மணி ஆகிவிடும் என்பது அவன் கணக்கு. ரெண்டு வருஷமாகப் படுக்கையில் கிடந்தவளைத் தூக்கிக் குளிப்பாட்டியது யார்? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது யார்? கொள்ளி ஒன்றையாவது தம்பி கையில் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான் அவனுக்கு.

அணுமின் நிலையத்தில் தம்பிக்கு வேலை கிடைத்ததிலிருந்து பிடித்த எரிச்சல் இது. மழைக்காலத்தில் தெருவே இருண்டு கிடக்கும். முத்திருளன் நனைந்துகொண்டே கம்பத்தில் ஏறி, பியூஸ் போட்டு, சொட்டச் சொட்ட வீட்டுக்கு வருவான். ஆத்தா கட்டிலில் கிடந்தபடி பல்பைப் பார்த்துச் சிரிப்பாள். “பாத்தியாடா, சின்னவன் கரண்டு விட்டுட்டான்.”

ஒருநாள் பொறுக்க முடியாமல், தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான். “ஆத்தா, அவன் ஆலையில ஒரு உலைதான் ஓடுது. எரநூத்தி முப்பத்தஞ்சு மெகாவாட்டு. தூத்துக்குடியில கரிய எரிச்சே எரநூத்திப்பத்து, எரநூத்திப்பத்துன்னு மூணு ஓடுது. அறநூத்தி முப்பது. எது பெருசு சொல்லு?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அந்தத் தூத்துக்குடியில எம்மகன் இருக்கானா?”

அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலரை மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. செங்கல்பட்டில் வாடகைக் கார் பிடித்து எங்கும் நிற்காமல் வந்திருக்கிறான் சின்னச்சாமி. இறங்கியவன் ஓடிப்போய் ஆத்தாளின் காலைக் கட்டிக்கொண்டான். அடங்கியிருந்த ஒப்பாரி மறுபடியும் எழுந்தது. வந்தவனுக்கு எத்தனை கைகள் முதுகைத் தடவிக்கொடுக்கின்றன என்று முத்திருளன் பார்த்துக்கொண்டு நின்றான்.

அழுது முடித்துத் திரும்பிய சின்னச்சாமி, “எட்டேகாலுக்குத்தாண்ணே எனக்குப் போன் வந்துச்சு. ஆத்தா எப்பப் போச்சு?” என்றான்.

“விடியக்காலம்.”

சீனியம்மாள் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆத்தாளைக் குளிப்பாட்டப் பெண்கள் நீர்மாலை எடுத்து வரும்வரைக்கும் ஆண்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். சின்ன மருமகனைத் தேற்ற வேண்டும் என்று கருத்தக்கண்ணன் பேச்சுக் கொடுத்தார்.

“அந்த ஆலை எம்புட்டு ஒசரம் மாப்ள? நம்ம கோயில் தெக்குக் கோபுரம் இருக்குமா?”

“கிட்டத்தட்ட இருக்கும் மாமா.”

“எத்தனை பல்பு எரியும் அதுல?”

“ஒரு மெகாவாட்டுக்கு நூறு வாட்ஸ் பல்பு பத்தாயிரம். எங்களது எரநூத்தி முப்பத்தஞ்சு. இருபத்திமூணரை லச்சம் பல்பு எரியும். முழுசா ஓடுனா.” அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “ஆனா அது பெருசு இல்ல மாமா. வெளிநாட்டுல ஒத்த உலையே ஆயிரத்துக்கு மேல ஓடுது. நம்மது சின்னதுதான்.”

சின்னதுதான். அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். ஆத்தாளை எழுப்பிக் கேட்கச் சொல்லலாம் போல முத்திருளனுக்கு இருந்தது. ஆனால் மாமா பக்கத்தில் இருந்தவரிடம், “பாத்தீரா, அம்புட்டுப் பெரிய வேலையில இருக்கான், பேச்சுல எம்புட்டு அடக்கம்,” என்றார். அடப் பாவி மனுஷா என்று மனசுக்குள் வைதான் இவன்.

சவரக்காரர் கூப்பிட்டார். சின்னச்சாமி எழுந்து சட்டையைக் கழற்றப் போனவன் நின்றான்.

“மாமா, கொள்ளி வச்சா கருமாதி முடியிற வரைக்கும் இங்கயே இருக்கணும்ல? ரெண்டாவது உலையை ஓட்டப்போற நேரம். ரெண்டு நாள் லீவுதான் குடுத்தாக. அண்ணனே வைக்கட்டும்.” பிறகு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். “நீதானண்ணே கூட இருந்து பாத்த.”

மாமா யோசித்துவிட்டுத் தலையாட்டினார். காலையிலிருந்து முத்திருளன் எதற்காகக் கிடந்து வெந்தானோ அது ஒரு நிமிடத்தில் கைக்கு வந்துவிட்டது. அதுவும், தம்பி தனக்கு முடியாதென்று விட்டுக்கொடுத்த வேலையாக வந்தது. கத்தி ஓட ஓட ஈர முடி மடியில் விழுந்துகொண்டிருந்தது. அவனுக்குச் சந்தோஷமாகவும் இல்லை, வேண்டாம் என்று எழுந்திருக்கவும் மனசில்லை.

கண்மாய்க்கரையில் விறகு அடுக்கியிருந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். முகத்தை மூடப் போகும்போது, “பாக்காதவுக பாத்துக்கங்க,” என்றார் வெட்டியான். சின்னச்சாமி தேம்பி விழப் போனான், நாலு பேர் பாய்ந்து தாங்கினார்கள். அவர்கள் தாங்குவதை முத்திருளன் பார்த்தான். அவன் திரும்புவதற்குள் முகத்தின் மேல் வறட்டியை வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. விடிந்ததிலிருந்து ரோட்டைப் பார்த்திருக்கிறான், கடிகாரத்தைப் பார்த்திருக்கிறான், தம்பியைப் பார்த்திருக்கிறான். ஆத்தா முகத்தைப் பார்க்கவில்லை.

நீர்க்குடத்தோடு மூன்று சுற்று வந்தான். குடம் உடைந்தது. சிதைக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்து, கையில் கொள்ளியைக் கொடுத்தார்கள். பின்னால் நீட்டி வைத்தான். விறகு படபடவென்று பற்றுவது கேட்டது.

“திரும்பிப் பாக்காம நேரா போ,” என்றார் மாமா. “கொள்ளி வச்சவன் பாக்கக் கூடாது.”

“தம்பி எங்க மாமா?”

“அங்கதான் நிக்கிறான். ஆத்தாளைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். அவன் பாக்கலாம். நீ நட.”

முத்திருளன் நடந்தான். கரையேறும் வரைக்கும் முதுகில் சூடு தெரிந்தது.