கதவுக்கு முன்னால் ஒரு மூச்சு

"பயம் வேண்டாம்மா. வெறும் மூச்சு போதும்" என்று ஹெட்போனில் டைரக்டரின் குரல் வந்தது. பதினோராவது தடவை.

எதிரே திரையில் ஐம்பது வயதுப் பெண்ணொருத்தி மாடியறைக் கதவுக்கு முன்னால் நிற்கிறாள். உதடு லேசாகப் பிரிகிறது. இரண்டரை நொடி. அதற்குள் ஒரு மூச்சை வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. முப்பத்தொரு வருடமாக டப்பிங்கில் இந்தத் தொண்டையால் பிழைக்கிறேன். யார் யாருக்காகவோ அழுதிருக்கிறேன், பிரசவ வலியில் துடித்திருக்கிறேன், சூனியக்காரியாகச் சிரித்திருக்கிறேன். ஒரு மூச்சு விட வரவில்லை என்றால் வெளியே சொல்ல முடியுமா?

இதே கதவுக்கு முன்னால் நான் ஏற்கெனவே ஒரு முறை நின்றவள். இது ஒரு நாவலின் கதை; முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் அதைச் சினிமாவாக எடுத்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரை ஒன்பது வருடம் பார்த்துக்கொள்ளும் மருமகளின் கதை. மாமியார் செத்த பிறகும் மாடியறையில் கைத்தடி தட்டும் சத்தம் நிற்பதில்லை. புத்தகத்தில் மருமகளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஐம்பது வயதை வைத்து போஸ்டர் அடிக்க முடியுமா? இருபத்திரண்டு வயதுப் புதுப்பெண்ணாக்கி, மழையில் நனையவிட்டு, ஒரு பாட்டையும் சேர்த்தார்கள். கடைசியில் அவள் கதவைத் திறக்கிறாள், உத்தரத்தில் கிழவி தலைகீழாகத் தொங்குகிறாள். அந்த அலறல் என்னுடையது. எனக்கும் அப்போது இருபத்திரண்டு. எங்கள் தொழிலில் அலறலை அன்றைய வேலையில் கடைசியாகத்தான் எடுப்பார்கள். தொண்டை கிழிந்துவிட்டால் அப்புறம் வசனம் வராது. அன்று ஒரே டேக்கில் முடிந்தது. நான்கு நாள் எனக்குப் பேச்சே வரவில்லை.

கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நான்கு நாளும் இவரும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று சீட்டில் எழுதிக் கேட்டேன். 'நீ பேசாதப்ப நான் மட்டும் என்னத்தப் பேசறது' என்று அதே சீட்டில் பதில் எழுதினார். நல்ல மனுஷன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது எட்டு பாகத் தொடராக எடுத்திருக்கிறார்கள். வயதைப் புத்தகத்தில் உள்ளபடியே விட்டுவிட்டார்கள். அவள் மாடிக்கு வந்ததும் தட்டும் சத்தம் நின்றுவிடுகிறது. கதவை அவள் திறப்பதில்லை. நின்று ஒரு மூச்சு விடுகிறாள். காட்சி முடிந்தது.

மைக்கைச் சரிசெய்ய சவுண்ட்காரர் உள்ளே வந்தார். நாற்பது வயதிருக்கும், பழைய படத்தின் தீவிர பக்தர்.

"பேயே இல்லாத பேய்ப்படம்க்கா இது. அந்தப் படத்தப் பாத்துட்டு ஒரு வாரம் நான் பாத்ரூமுக்கே எங்கம்மாவ துணைக்குக் கூட்டிட்டுப் போனேன். இதப் பாத்தா தூக்கம்தான் வருது."

"எனக்கும் தூக்கம்தான் வருது தம்பி. அது வேற தூக்கம்."

வீட்டில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடமாகிறது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. இடது கையில் ஒரு ஸ்டீல் கரண்டி வைத்திருப்பார். எது வேண்டுமானாலும் கட்டில் கம்பியில் அதால் தட்டுவார். வேலை இருக்கும் நாட்களில் என் நாத்தனார் வந்து அண்ணனைப் பார்த்துக்கொள்கிறாள். மூன்று மணிக்குத் தன் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கிளம்பிவிடுவாள். அதற்குள் நான் போய்ச் சேர வேண்டும்.

பத்து வருடத்துக்குப் பிறகு வந்திருக்கும் முக்கிய வேடம். இப்போதெல்லாம் எனக்குக் கிடைப்பது கூட்டத்தில் ஒப்பாரி வைக்கும் அத்தைகள்தான். "கஷ்டமா இருந்தா சொல்லிடுங்கம்மா. இன்னொருத்தங்க இருக்காங்க" என்று டைரக்டர் மரியாதையாகச் சொன்னார்.

"அவ மனசுல என்னதான் சார் ஓடுது?" என்றேன்.

"புக்ல இருக்கும்மா. சத்தம் நின்னதும் அவளுக்கு முதல்ல வர்றது பயம் இல்ல. அப்பாடான்னு ஒரு நிம்மதி. அதுக்கப்புறம்தான் பயமே வருது. பேயப் பாத்து இல்ல, தன்னப் பாத்து."

நான் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. முப்பத்தொரு வருடமாக அது பேய்க்கதை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, நான் நின்ற பதிவறையில் வெளிச்சம் குறைவு, முகம் தெரியாது.

ஏனென்றால் அந்த மூச்சு எனக்குத் தெரியும். வேலை முடிந்து போய் எங்கள் வீட்டு வாசலில் சாவியை எடுக்கும்போது, உள்ளே கரண்டிச் சத்தம் கேட்காவிட்டால் அது தானாக வரும். ஐயோ என்னாச்சோ என்று மனது பதறுவதற்கு முன்னாலேயே வந்துவிடும். உடனே உள்ளே டங்கென்று கேட்கும். "வந்துட்டேங்க" என்று நானும் தேன் ஒழுகக் குரல் கொடுப்பேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றேன். மூச்சு வந்தது.

ஹெட்போனில் டைரக்டர் மெதுவாக, "இதான்மா" என்றார். சவுண்ட்காரர் கண்ணாடித் தடுப்பு வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

மணி இரண்டு இருபது. அப்போதே கிளம்பியிருந்தால் சரியாக இருந்திருக்கும். சவுண்ட்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அக்கா, ஒரே ஒரு தடவ அந்தப் பழைய அலறல் வேணும். டிரெய்லருக்கு ஆகும். வேற மைக் போடணும், கொஞ்சம் நேரமாகும். உங்களுக்கு அவசரமா?" டைரக்டரும் சரி என்று தலையாட்டினார்.

"அவசரம் எதுவும் இல்ல" என்றேன்.

வெளியே சோபாவில் உட்கார்ந்து டீ குடித்தேன். மூன்று மணிக்கு நாத்தனாரிடமிருந்து செய்தி வந்தது. 'கிளம்பறேன் அண்ணி. அண்ணன் தூங்கறாரு.' படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். தொழில், கடமை என்று என்னென்னவோ சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. எனக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நாற்பது நிமிடம் என்னை யாரும் கூப்பிடவில்லை. எத்தனை சுகமாக இருந்தது தெரியுமா?

பிறகு உள்ளே போய் அலறினேன். ஐம்பத்துமூன்று வயதுத் தொண்டை, நடுவிலேயே கிழிந்துவிட்டது. "ஐயோ, அதே அலறல்க்கா!" என்று சவுண்ட்காரர் கைதட்டினார். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது.

வீட்டு வாசலுக்கு வந்தபோது நாலேகால். இரும்புக் கதவின் பூட்டு நாத்தனார் பூட்டியபடி தொங்கியது. உள்ளே சத்தமில்லை. சாவியைத் தேடி எடுத்தேன். அப்போதும் சத்தமில்லை. ஒன்றே கால் மணி நேரம் தனியாக விட்டிருக்கிறேன். தண்ணீர் கேட்டிருப்பார். தட்டித் தட்டி ஓய்ந்திருப்பார். இதெல்லாம் அப்புறம் தோன்றியதுதான். முதலில் வந்தது அந்த மூச்சு. மத்தியானம் மைக்குக்கு விட்டதைவிட நீளமாக.

டங்.

வழக்கமான பலம் இல்லை. 'வந்துட்டேங்க' என்று சொல்லப் பார்த்தேன். குரல் எழும்பவில்லை. இன்னொரு முறை முயன்றேன். உள்ளே மறுபடியும் தட்டினார், இந்த முறை விடாமல், யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பதுபோல. அவசரத்தில் சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. வேறு வழி தெரியாமல் அந்தச் சாவியாலேயே இரும்புக் கதவைத் தட்டினேன். டக், டக்.

உள்ளே கரண்டி நின்றுவிட்டது.

தட்டுவது யாரென்று தெரியாமல், இமைக்காமல் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். நான் இந்தப் பக்கம், சாவியைப் பிடித்தபடி, குரலில்லாமல் நின்றேன்.