விட்டுவைத்த வரி

யக்கா, இது யாரக் கூப்பிடுது என்று ஜெபசீலி கேட்கிறாள், மிட்டாய்ப் பிசுக்கு ஒட்டிய விரலைக் கண்ணாடியில் பட்டும் படாமலும் வைத்து, நீலத்திரையில் தோன்றித் தோன்றி மறைகிற சின்ன வெள்ளைக் கோட்டைக் காட்டுகிறாள், கர்சர் என்று அதற்குப் பெயர், அது யாரையும் கூப்பிடலம்மா, நாம எழுதவேண்டிய எடம் இதுதான்னு காட்டுது என்கிறேன், இல்லக்கா, நல்லாப் பாருங்க, வா வான்னு கூப்பிடுது என்கிறாள் அவள், கூப்பிட்ட குரல் கேட்டும் எழுந்து போகாதவளைப் பார்க்கிற பார்வையோடு, ஏட்டி, அக்காவப் படிக்க விடு என்று அந்தக் கோடியிலிருந்து அவள் அம்மாவின் சத்தம் வருகிறது, அவள் அம்மா செல்வராணியக்கா எங்கள் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளர், பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கூடவே கூட்டிவந்துவிடுவார், இதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, ஜெபசீலிக்கே இப்போது ஒரு பிள்ளை இருக்கலாம், ஆனாலும் கண்ணை மூடினால் அந்த லேபின் குளிர் முதலில் உள்ளங்காலில்தான் ஏறுகிறது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், மெஷினுக்குத் தூசி ஆகாது, திருநெல்வேலிக்கு வெளியே முள்ளடர்ந்த உடைமரக் காட்டுக்கு நடுவில் கட்டிய கல்லூரி அது, காற்று கிளம்பினால் செம்மண் பறக்கும், ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மாதாகோயில் வாசலில் கிடக்கிற மாதிரி வராந்தா நெடுகச் செருப்புகள் கிடக்கும், வெறுங்காலோடு நுழைகிறபோதெல்லாம் ஆண்டவரே கூட இரும் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொள்வேன், கோயிலுக்குள் போகும்போது வராத பயம் அங்கே போகும்போது வந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது, அப்பா மினிபஸ் ஓட்டுகிறவர், ஐ.டி. படிச்சா வேல வாசல்ல வந்து நிக்கும்ணே என்று பஸ்ஸில் ஏறிய யாரோ ஒரு சார் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு என்னைச் சேர்த்துவிட்டார், பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்த எனக்கு முதல் வருஷமே புரோகிராமிங் தாளில் அரியர் விழுந்தது, தோற்றுப்போன பாடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், மறுபடி எழுதினேன், மறுபடியும் விழுந்தது, கடைசி வருஷத்தில் கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுப்பார்கள், அரியர் வைத்திருக்கிறவர்கள் அந்த ஹாலுக்குள் காலடி வைக்க முடியாது, வெளியே நின்று மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொள்ளலாம், அப்பா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவர் திட்டவில்லை, இந்தத் தடவையும் அரியர் போகலன்னா வந்துரு மக்கா, சிவகாசில அத்த வேல பாக்குத அச்சாபீஸ்ல காலண்டர் அடுக்க ஆள் வேணுமாம், அதுவும் வேலதான, ஒழச்சுச் சாப்பிடுத எந்த வேலையும் ஆண்டவர் குடுத்ததுதான் என்றார், அவர் சொன்னது உண்மை, ஆனால் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

லேபில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது, வகுப்பில் பாதிப் பேர் காலை பேட்ச், பாதிப் பேர் மதியம், மெஷினை அணைத்து எழுப்புவதற்குள் பாதி வகுப்பு முடிந்துவிடும் என்பதால் யாரும் அணைப்பதில்லை, காலையில் வந்தவர்கள் எழுதிய புரோகிராம் திறந்தபடியே கிடக்கும், மதியம் வருகிற நாங்கள் அதை ஒரு தட்டுத் தட்டி ஓடவிட்டு, வந்த விடையைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவோம், சாருக்கும் தெரியும், செல்வராணியக்காவுக்கும் தெரியும், எனக்குக் கொடுத்திருந்த மெஷின் ஜன்னலோரம் இருந்தது, அந்தச் சனிக்கிழமை நான் போய் வழக்கம்போல ஒரு தட்டுத் தட்டினேன், திரையில் ஒன்று ஒன்று ஒன்று என்று விழ ஆரம்பித்து நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது, என்ன, ஒன் மெஷினுக்கு வயித்தால போகுதா என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான், லேபே சிரித்தது, எப்படியோ நிறுத்திவிட்டுப் பார்த்தால் புரோகிராமின் நடுவில் ஒரு வரி இல்லை, இருந்த வரியை யாரோ அழித்துவிட்டு, அந்தக் காலி இடத்திலேயே கர்சரை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள், அது மின்னிக்கொண்டிருந்தது, அப்போதுதான் ஜெபசீலி பக்கத்தில் வந்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்டாள், வா வான்னு கூப்பிடுதுக்கா.

கூப்பிட்டதற்காக அல்ல, பிள்ளைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்ததால் கையை விசைப்பலகையில் வைத்தேன், ஏன் ஒன்றிலேயே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பாவின் பஸ் நினைவுக்கு வந்தது, ஒவ்வொரு நடை முடிந்ததும் அவர் டேஷ்போர்டில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவார், ஒருநாள் சாக்கட்டி தொலைந்துபோய், எத்தனையாவது நடை என்று தெரியாமல் ஒரு நடை கூடுதலாகவே ஓட்டிவிட்டு வந்து அம்மாவிடம் பேச்சு வாங்கினார், இந்தப் புரோகிராமும் சாக்கட்டியைத் தொலைத்துவிட்டுச் சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றைக் கூட்டு என்று சொல்கிற வரிதான் காணோம், எழுதினேன், ஓடியது, பத்தில் வந்து சமர்த்தாக நின்றது, ஜெபசீலி கைதட்டினாள், மூன்று வருஷத்தில் நானாக எழுதிய முதல் வரி அது, ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த நினைப்பெல்லாம் இல்லை, கோபம்தான் இருந்தது, விடுதி அறைக்குப் போனதும், வடிவு, எவனோ ஒரு பய வேணும்னே ஒரு வரிய அழிச்சு வச்சிட்டுப் போயிருக்கான்ட்டி, எல்லாவனும் சிரிக்கான் என்று பொருமினேன், சண்முகவடிவு என் அறைத்தோழி, தென்காசிக்காரி, காலை பேட்ச், நெல்லையப்பர் கோயில் திருநீற்றைப் பொட்டலமாக வைத்திருந்து பரீட்சை தோறும் என் நெற்றியிலும் பூசிவிடுவாள், ஒங்க ஆண்டவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நான் அவருகிட்டப் பேசிக்கிடுதேன் என்பாள், அன்றைக்கு அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவள் சீப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள், யாருட்டி அந்த வெளங்காத பய, காலைல எங்கூட வாரவனாத்தான் இருக்கும், கையில கெடச்சாம்னா செவுட்டுல நாலு சாத்து சாத்திருவேன், ஆமா, அப்புறம் என்ன செஞ்ச, நீயே எழுதிட்டியா, பரவால்லயே.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லேபிலும் ஒரு வரி காணாமல் போனது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கஷ்டமான வரி, நான் அந்தப் பயலைத் திட்டிக்கொண்டே எழுதினேன், வடிவும் சேர்ந்து திட்டினாள், என்னைவிட நன்றாகத் திட்டினாள், நாசமாப் போவான், அவனுக்கு ஒக்கார விடாத மாமியா வாய்க்கணும் பாரு என்றாள், எப்போது என்று தெரியவில்லை, திட்டுவது வாயோடு நின்றுபோய் உள்ளே வேறொன்று தொடங்கியிருந்தது, மதியம் லேப் என்றால் காலையிலேயே கை பரபரத்தது, இன்றைக்கு எதை அழித்திருப்பான் என்று சோற்றில் கை வைத்தபடி யோசித்தேன், ஒருநாள் இரண்டு வரிகள் சேர்ந்தாற்போல இல்லை, அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது, என்னை நம்பி இரண்டு வரி விட்டுப்போயிருக்கிறான் பார் என்று, அந்தப் பயலிடம் இன்னொரு கிறுக்கும் இருந்தது, புரோகிராமுக்குள் எண்களைப் போட்டுவைக்க நாமே பெயர் வைக்கலாம், எல்லாரும் ஏ, பி என்று வைப்பார்கள், அவன் அவியல், அப்பளம் என்று ஆங்கில எழுத்தில் வைப்பான், சாப்பாட்டு ராமன் என்று நினைத்துக்கொள்வேன், பிறகு ஒருநாள் போய் உட்கார்ந்தேன், காலி வரிக்கு மேல் வரியில் தீஞ்ச உப்புமா என்று இருந்தது, சிரித்துவிட்டேன், சிரிப்பு பாதியில் நின்றது, அன்று காலை எங்கள் பெண்கள் விடுதியில்தான் உப்புமா தீய்ந்துபோயிருந்தது, ஆண்கள் விடுதிக்கு வேறு சமையல், வேறு அடுப்பு, காலை பேட்சில் எங்கள் விடுதியிலிருந்து போகிறவள் ஒருத்திதான்.

ஜன்னலுக்கு வெளியே உடைமரங்களில் வெயில் ஆடிக்கொண்டிருந்தது, தன் மெஷினில் தன் வேலையை முடித்துவிட்டு, எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகு, அவள் என் மெஷினுக்கு வந்து உட்கார்ந்து, எனக்காக முழுவதையும் தட்டி, எது எனக்குப் புரியும், எது புரியாது என்று யோசித்து, ஒரு வரியை மட்டும் மெல்ல அழிப்பதைக் கண்ணால் பார்த்தவள் மாதிரி இப்போதும் பார்க்கிறேன், சொல்லிக்கொடுக்கிறேன் வா என்று அவள் கூப்பிட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன், எனக்கு ரோஷம், அது அவளுக்குத் தெரியும், அன்று அறைக்குப் போனபோது கட்டிலில் குப்புறக் கிடந்து, என்னட்டி, இன்னைக்கும் அந்தப் பய ஒரு வரிய முழுங்கிட்டானா என்று கேட்டாள், தொண்டை வரைக்கும் வந்தது, வடிவு, நீதான்னு தெரியும்ட்டி என்று, ஆனால் மறைத்துச் செய்கிற நன்மை மூடிவைத்த விளக்கு மாதிரி, திறந்து பார்க்கிறேன் என்று காற்றை உள்ளே விடக்கூடாது, ஆமாட்டி, கையில கெடச்சா சாத்தணும் என்றேன், அவள் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, சாத்தணும் சாத்தணும் என்றாள், தோள் குலுங்கியது.

பரீட்சை லேபில் யாருடைய புரோகிராமும் திறந்து கிடக்கவில்லை, திரை முழுக்க நீலம், எல்லா வரியும் காலி, மேல் மூலையில் கர்சர் மட்டும், வா வா, போனேன், ஒவ்வொரு வரியாகப் போனேன், எழுத்துப் பரீட்சையிலும் அப்படியே, அரியர் போனது, அப்பா அன்று முழுக்கக் காரணமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே பஸ் ஓட்டினார் என்று அம்மா சொன்னாள், கம்பெனி வந்தது, அந்த ஹாலுக்குள் நானும் போனேன், வடிவும் வந்தாள், இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது, சென்னையில் ஒரே அறை, ஒரே பஸ், பிறகு அவளுக்குக் கல்யாணம், மகள், மாமியார் படுக்கையில் விழுந்தார், பார்த்துக்கொள்ள யாருமில்லை என்று வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்கே போனாள், அந்த அம்மாளைப் பிள்ளையைப்போலத் துடைத்து ஊட்டிப் பார்த்தாள், ஏட்டி, அந்தப் பயலுக்கு மாமியா வாய்க்கணும்னு சொன்னேனே, எனக்குல்லா வாய்ச்சிருக்கு என்று ஒருதடவை போனில் சிரித்தாள், தன்னை மறந்து சொன்னாளா, தெரிந்து சொன்னாளா, நான் கேட்கவில்லை, வருஷங்கள் போயின, போன வருஷம் அந்த அம்மாள் கண்ணை மூடினார்.

நேற்று வடிவு கூப்பிட்டாள், வேலையை விட்டுப்போன பெண்களை மறுபடி எடுக்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது, திங்கட்கிழமை பரீட்சை, மூள துருப்பிடிச்சுப் போச்சுட்டி என்றாள், எந்நேரமும் கேலி பேசுகிற அந்தக் குரல் மெலிந்திருந்தது, நாம படிச்சதெல்லாம் செத்துப் போச்சு, இப்பம் கேட்டாப் போதும், மெஷினே எழுதிருது, நானும் கேட்டேன், அது முழுசாத் தூக்கிக் குடுத்துட்டு, பாத்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் ஏற மாட்டேங்கு, பரீட்சையில அது கூட வராதுல்லா என்றாள், நான் சொல்லித்தரவா என்றேன், வேண்டாம்ட்டி, ஒனக்கு ஆயிரம் வேல, அதோட ஒங்கிட்டக் கேக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கு என்றாள், அவளுக்கும் ரோஷம், அது எனக்குத் தெரியும், நெட்டுல புரோகிராம் பழகுறவங்க கேள்வி போடுத தளம் ஒண்ணு இருக்குல்லா, அதுல போட்டு வச்சிருக்கேன், ஒரு பயலும் எட்டிப் பாக்கல, இதுவும் ஊத்திக்கிச்சுன்னா பேசாம இருந்துர வேண்டியதுதான், நமக்கு இவ்வளவுதான் எழுதியிருக்கு என்று வைத்துவிட்டாள்.

விடிகிற நேரம், வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை, ஜெபத்துக்கு உட்காருமுன் கணினியைத் திறந்தேன், அந்தத் தளத்தில் அவள் கேள்வி தனியாகக் கிடந்தது, யாருக்கும் தெரியாத ஒரு பெயரில் உள்ளே நுழைந்தேன், அவளுடைய புரோகிராமை மேலிருந்து கீழே படித்தேன், துருவெல்லாம் இல்லை, நடுவில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான், முழுவதையும் எழுதினேன், ஓடவிட்டுப் பார்த்தேன், ஓடியது, பெயர் வைக்கவேண்டிய ஒரு இடத்தில் கை தானாகவே தீஞ்ச உப்புமா என்று தட்டியிருந்தது, அவள் பார்த்தால் தெரிந்துவிடும், சிரிப்பாள், அழுவாள், உடனே கூப்பிடுவாள், எனக்கு அந்தக் குரலைக் கேட்க ஆசையாக இருந்தது, ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு வெறும் ஏ என்று வைத்தேன், பிறகு அந்த முடிச்சு அவிழ்கிற வரிக்குப் போனேன், அவளுக்கு எது புரியும், எது புரியாது என்று யோசித்தேன், அந்த ஒரு வரியை மட்டும் மெல்ல அழித்தேன், நாளைக்குக் கூப்பிடுவாள், ஏட்டி, எவனோ ஒரு வெளங்காத பய பதில் போட்டிருக்கான், நடுவுல ஒரு வரிய முழுங்கிட்டான், நானே எழுதிட்டேன் பாத்துக்கோ என்பாள், கையில கெடச்சா சாத்தணும்ட்டி என்பேன், காலி இடத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருக்கிறது, ஜெபசீலி, இது யாரைக் கூப்பிடுகிறது என்று இப்போது கேளம்மா, எனக்குத் தெரியும், ஆனால் உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன், அனுப்பிவிட்டு மூடினேன், வெறுங்காலில் தரையின் குளிர் ஏறியது, முழங்காலிட்டேன்.