தோளுக்கு ஒரு சாரம்

மேர்வின் மெழுகுதிரியை ஊதி அணைத்தான். அருள்மலர் தீப்பெட்டியை எடுத்து மறுபடியும் கொளுத்தினாள். விடிந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை. இரண்டாவது தடவை அணைத்தது மின்விசிறிதான். ஆனாலும் அந்தப் பழியும் மேர்வின் தலையில்தான் விழுந்தது.

அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில், பெட்டிக்குள், அவர்களுடைய அப்பா இக்னேசியஸ் வெள்ளைச் சேட்டு போட்டுக் கிடந்தார். நாற்பது வருடம் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போய்வந்த மனிதர். நேற்றுக் காலை தேத்தண்ணி கேட்டுவிட்டு, அது குசினியிலிருந்து வருவதற்குள் போய்விட்டார்.

"அக்கா, செத்தவருக்கு எதுக்கு வெளிச்சம்? அவர் இப்ப கர்த்தரோட இருக்கிறார்."

"அப்ப உனக்கென்ன கஷ்டம்? எரிஞ்சிட்டுப் போகட்டும்."

மேர்வின் குச்சவெளியில் ஒரு தகரக் கூரைச் சபைக்குப் பாஸ்டர். கத்தோலிக்கக் கோயிலை விட்டுப் போய்ப் பதினைந்து வருடம். அருள்மலர் தெரு முனையில் இருக்கும் மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள்; அங்கேயே கலியாணம் கட்டியவள். இரண்டு பேரும் சந்தித்தால் முதல் தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் வேதம் மேசைக்கு வந்துவிடும். அவளுடைய வேதாகமத்தில் அவனுடையதைவிட ஏழு புத்தகங்கள் கூட. அதில் ஒன்றில், உயிரோடிருப்பவர்கள் செத்தவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்கிறார்கள். ஆறு வருடத்துக்கு முன், அம்மா அஞ்சலினாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு அவன் வரமாட்டேன் என்று நின்றபோது, அருள்மலர் அந்த இடத்தை விரலை வைத்துக் காட்டினாள்.

"அது என்ர வேதத்தில இல்லை" என்றான் அவன்.

"உன்ர புத்தகத்தில இல்லாதது என்ர பிழையோ?"

"மனுசர் பிறகு கொண்டுபோய்ச் சேர்த்தது அது."

"மனுசர் பிறகு வெட்டி எறிஞ்சது எண்டு நாங்கள் சொல்லுறம்."

அப்பா எழும்பி இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார். அருள்மலர் பின்வாசலால் திரும்பி வந்தாள். மேர்வின் நாலு வருடம் வரவில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. அதில் அப்பா இடுப்பில் கட்டும் நீலக்கோட்டுச் சாரம் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. யாராவது உட்காரப் போனால் அருள்மலர் "அதில வேண்டாம்" என்று எழுப்பிவிட்டாள். காரணம் அவளுக்கு மட்டும் தெரியும். மேர்வின் கட்டை, மற்றவர்களின் தோளுயரம் இல்லை. அம்மாவைத் தூக்கியபோது அவன் பக்கம் பெட்டி சரிந்து, புதைக்கும் சேமக்காலை வரைக்கும் சனம் ஐயோ ஐயோ என்று வந்தது. நாலு மடிப்புச் சாரம் தோளில் இருந்தால் பெட்டி சமனாய் நிற்கும். அவன் தூக்குவானா என்பது இன்னும் முடிவாகவில்லை. சாரத்தை மட்டும் அவள் விடியமுன்னமே மடித்துவிட்டாள்.

போன கிழமை அப்பா அவள் கையைப் பிடித்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மேர்வின் எனக்குத் தோள் குடுக்கவேணும் பிள்ளை. நீதான் பாக்கவேணும்."

மேர்வினோ வந்ததும் சொல்லிவிட்டான். கோயிலில் பூசை வைத்தால் அவன் பெட்டியைத் தொடமாட்டான். அப்பா இரண்டு வருடத்துக்கு முன் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர்; சபைதான் அடக்கம் செய்யவேண்டும்.

பத்து மணிக்கு வேலன் வந்தார். அப்பாவோடு ஒரே வள்ளத்தில் போனவர், நல்ல உயரம், நெற்றியில் விபூதி. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தார்.

"என்ன பிள்ளையள், இண்டைக்குமோ சண்டை? கடலுக்கு அடியில இருக்கிற ஒரே கற்பாருக்கு நானும் உங்கட அப்பாவும் கரையில வேற வேற குறி வச்சிருந்தனாங்கள். நான் மலையையும் வெளிச்சவீட்டையும் நேர் பிடிப்பன். அவர் கோயில் கூரையையும் தண்ணித் தாங்கியையும் பிடிப்பார். ரெண்டு பேரும் அதே கல்லிலதான் மீன் பிடிச்சனாங்கள்."

"ஒரு குறி பிழைச்சால் வலை கிழியும், வேலன் மாமா" என்றான் மேர்வின். குரல் உடைந்தது. "அதுதான் என்ர பயம். நான் அவரைப் பிழையான இடத்தில விட்டிட்டனெண்டால்?"

வேலன் விரலால் பெட்டியின் விளிம்பைத் தடவினார். அவரும் வலை கிழித்தவர்தான்.

அருள்மலர் தம்பியைப் பார்த்தாள். இத்தனை வருடமும் அவள் அவனுடைய பிடிவாதத்தைத் திமிர் என்றுதான் நினைத்திருந்தாள். பூசை இல்லாமல் அப்பாவை அனுப்பினால் என்ன ஆகும் என்று இரவு முழுக்க அவளைத் தூங்கவிடாததும் இதே பயம்தான். இரண்டு பேரும் ஒரே மனிதருக்காக நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. சண்டை பிடிப்பது சுகமாக இருந்தது.

பதினொரு மணிக்குப் பங்குத்தந்தை அஞ்சலோ சுவாமியார் வந்தார். மேர்வின் கைபேசியில் ஒரு படத்தை நீட்டினான். சாம்பல்தீவுக் கடற்கரை, இடுப்பளவு தண்ணீரில் அப்பா, நனைந்த வெள்ளைச் சேட்டு, மூக்கைப் பொத்தியபடி. தோளைப் பிடித்துக்கொண்டு மேர்வின்.

சுவாமியார் நெடுநேரம் பார்த்தார். பிறகு அருள்மலரிடம் திரும்பினார்.

"நீங்கள்தான் அவரோட இருந்தனீங்கள். இதை மனப்பூர்வமா எடுத்தவரோ? அல்லது மகனுக்காகவோ? மகனுக்காகத்தான் எண்டால் பூசைக்கு ஒரு தடையுமில்லை."

மேர்வின் தலையைத் தூக்கவில்லை. அவன் மனைவி சுதர்ஷிகா குசினி வாசலில் அசையாமல் நின்றாள்.

அன்று சாம்பல்தீவிலிருந்து ஈரத்தோடு வந்து இறங்கிய அப்பா, தலையைத் துவட்டிக்கொண்டு அவளிடம் சொன்னது அப்படியே நினைவிருந்தது. "தண்ணி நல்ல குளிர், பிள்ளை. கடலில எத்தினை ஆயிரம் தரம் முழுகியிருப்பன்! இன்னொருக்கா முழுகினா என்ன குறையப்போகுது? நாலு வருசத்துக்குப் பிறகு பேரப்பிள்ளையளைக் கண்டிட்டன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு காலையும் மேர்வின் கொடுத்த வேதாகமத்தைத்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். ஞாயிறு வந்தால் பூசைக்கும் போனார். எது பகிடி, எது உண்மை என்று அவள் கேட்கவில்லை.

சுவாமியாரிடம் அந்தப் பகிடியைச் சொன்னால் போதும். பூசை நடக்கும், மணி அடிக்கும், அப்பா பீடத்துக்கு முன்னால் கிடப்பார். மேர்வின் அந்தப் படத்தை இனி ஒருநாளும் பார்க்கமாட்டான்.

"அது எனக்குத் தெரியாது, ஃபாதர்" என்றாள். "பூசை வேண்டாம். சேமக்காலையில அம்மாக்குப் பக்கத்தில செபம் மட்டும் சொல்லுங்கோ. மேர்வினும் வாசிக்கட்டும்."

சுவாமியார் யோசித்துத் தலையாட்டினார்.

மேர்வின்தான் நம்பாமல் பார்த்தான். "விட்டுக்குடுக்கிறீங்களோ அக்கா?"

"நான் ஒண்டையும் விடேல்லை. முப்பத்தோராம் நாள் பூசை குடுப்பன். வருசாவருசம் குடுப்பன். அதுக்கு உன்னட்டக் கேக்கமாட்டன்."

"சேமக்காலையில உங்கட செபத்துக்கு நான் ஆமென் சொல்ல ஏலாது."

"தோளைத்தான் கேட்டனான். வாயைக் கேக்கேல்லை."

அவள் கதிரையிலிருந்த சாரத்தை எடுத்து நீட்டினாள். மேர்வின் அதையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். மடிப்பு ஏன் நாலு என்று அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும், முகம் கோணியது. வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். முன்னால் ஒரு பக்கம் வேலன், மறுபக்கம் மேர்வின். பெட்டி கொஞ்சமும் சரியவில்லை. மாதா கோயில் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. பெட்டி வாசலைத் தாண்டிப் போனபோது அருள்மலர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

குழியடியில் சுவாமியார் அப்பாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மேர்வின் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றான். பிறகு அவன் தன் வேதத்தைத் திறந்து வாசித்தான். முடிவில், பழக்கதோஷத்தில் தொண்டை வரைக்கும் வந்த ஆமெனை அருள்மலர் விழுங்கிக்கொண்டாள். மண் போடும்போது மட்டும் இரண்டு பேரும் ஒரே குவியலிலிருந்து அள்ளினார்கள்.

சனம் கலைந்தது. மேர்வின் மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டு, ஏறாமல் நின்றான்.

"அக்கா, அண்டைக்கு சாம்பல்தீவால வந்து, அப்பா உங்களுக்கு ஏதும் சொன்னவரோ?"

கடல் பக்கமிருந்து காற்று வந்தது. அருள்மலர் கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சேலையில் துடைத்தாள்.

"ஓம். தண்ணி நல்ல குளிரெண்டு சொன்னவர்."

மேர்வின் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கவே கண் நிறைந்து வழிந்தது. "எனக்கும் அதைத்தான் சொன்னவர்" என்றான். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான். சுதர்ஷிகா பின்னால் ஏறினாள்.

சைக்கிள் சேமக்காலை வாசலைத் தாண்டும்போதுதான் அருள்மலர் கண்டாள். அப்பாவின் சாரம் இன்னும் அவன் தோளிலேயே இருந்தது. கூப்பிட வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டாள். சைக்கிள் குச்சவெளி வீதிப் பக்கம் திரும்பியது. சாரம் காற்றில் பறந்துவிடாமல் சுதர்ஷிகா அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.