புகையில்லா அடுப்பு

"உங்க ஊர்க் காத்தைக் கெடுக்கிறது யாரு?"

ஊரில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய சுற்றுச்சூழல் பயிற்சியின் முதல் நாளே, அதை நடத்த வந்த பவானி மேடம் வெண்மதியைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்டார். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனவள், ஆள் எதிரே வாய் திறக்காதவள், தலையைக் குனிந்துகொண்டாள். பின்னாலிருந்த லோகநாயகி அத்தை ஜன்னல் பக்கம் மோவாயை நீட்டினாள். தென்னைகளுக்கு மேலே கெமிக்கல் கம்பெனிப் புகைபோக்கி தெரிந்தது.

"இதக் கேக்கவா சிதம்பரத்துலேந்து பஸ் ஏறி வந்த?"

பெண்கள் சிரித்தார்கள். பவானியும் கூடச் சிரித்தார். "அரசியல் வேணாங்க. நம்மால எத மாத்த முடியுமோ அத மட்டும் பேசுவோம்."

பிறகு சுவரில் ஒரு படத்தை மாட்டினார். 'நீடித்த வளர்ச்சி நம் கையில்.' விறகடுப்பு, டயர் எரிக்கும் ஆள், பிளாஸ்டிக் குப்பை, சொட்டும் குழாய். வெண்மதி ஒன்றுவிடாமல் பார்த்தாள். புகைபோக்கி எங்கும் இல்லை. கீழ் ஓரத்தில், உதவியவர்கள் என்ற இடத்தில், அதே கம்பெனியின் முத்திரை எறும்பளவுக்கு இருந்தது. அன்றிலிருந்து பவானியின் கனிவிலும் அவளுக்குச் சந்தேகம். நல்லதைத்தான் சொல்கிறார், குழாயை மூடினால் தண்ணீர் மிஞ்சும்தான். ஆனால் யாரைப் பற்றிப் பேசாமலிருக்க இவ்வளவு நல்லதைச் சொல்கிறார்?

அவர்கள் ஊரான குடிகாட்டில் "முட்ட வருது" என்று ஒரு குரல் கேட்டால் போதும், அழுகின முட்டை நாற்றம் கிளம்பிவிட்டதென்று அர்த்தம். கொடியில் கிடக்கும் துணியை உருவிக்கொண்டு, பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். வெண்மதியின் அம்மா சின்னம்மாளுக்கு இருமல் வருவது அப்போதுதான். அடுப்பு எரியாத நேரத்திலும்.

சில மாதம் கழித்து, வெண்மதி மேலே படிக்கப் பவானி ஒரு வழி சொன்னார். சிதம்பரத்தில் விழா, வெண்மதி மேடையில் பேச வேண்டும். அம்மாவுக்குப் புகையில்லா அடுப்பு. வெண்மதி பத்தாவதைத் தனியாக எழுத, டியூஷன் உட்பட எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு.

"அம்மா இருமல் வெறகடுப்பாலதான்னு ஒரு வரி சொல்லிடும்மா. போதும்."

அந்த வரியை மட்டும் வெண்மதி வீட்டில் சொல்லவில்லை.

"படிக்கவும் வெக்கிறாங்களாமா? அப்ப வாடி போவலாம்" என்று சின்னம்மாள் கல்யாணங்களுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் வழியெல்லாம், மகள் பத்தாவது முடித்தால் நர்ஸ் வேலைக்குப் போகலாமா என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் விசாரித்தபடி வந்தாள்.

மேடையில் அடுப்பைச் சின்னம்மாள் இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள். மைக் வெண்மதியிடம் வந்தது.

"எங்கம்மா ரொம்ப நாளா இருமுறாங்க..."

அந்த வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். முன்வரிசையில் கம்பெனி அதிகாரிகளுக்குப் பக்கத்திலிருந்து பவானி உதட்டை அசைத்து எடுத்துக்கொடுத்தார். வெண்மதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெறகடுப்பாலதான்."

கைதட்டல் எழுந்தது. கண்ணைத் திறந்தபோது அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார் போட்டோக்காரர்.

சின்னம்மாள் அடுப்பை மேடை நடுவில் இறக்கி வைத்தாள். படியிறங்கி, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைக் காலால் தேடி மாட்டிக்கொண்டாள். மகளுக்காகக் காத்திராமல் வெயிலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.